மேசியா: எதிர்நோக்கியோரும் கண்டோம் என்றோரும்

உலக வரலாற்றை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். அடிமைப்பட்ட மக்கள் எங்கெங்கு வாழ்ந்தனரோ அங்கெல்லாம், தம்மை மீட்க ஒருவர் வருவார் என்னும் நம்பிக்கையும் வாழ்ந்திருக்கிறது. பௌத்தர் வருங்காலப் புத்தராகிய மைத்திரேயரை எதிர்நோக்குவர். வைணவர் கல்கி அவதாரத்தைப் பற்றிப் பேசுவர். இசுலாமியருள் மஹ்தியின் வருகையை நம்புவோர் பலர். இவையனைத்தினும் நீண்ட வரலாறு உடையதும், உலகின் போக்கையே மாற்றியமைத்ததும் யூத மக்களின் மேசியா நம்பிக்கையே எனலாம்.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் நம் மக்களிடையே ‘கிறிஸ்து’ என்னும் சொல்லை அறியாத இல்லம் இல்லை. ஆயினும் அச்சொல்லின் பொருள் யாது, அச்சொல் எம்மக்களிடமிருந்து வந்தது, அம்மக்கள் ஏன் இன்றும் ‘அவர் இன்னும் வரவில்லை’ என்கின்றனர் என்பவற்றை அறிந்தோர் சிலரே. ஒரே நூலைப் போற்றும் இரு சமயத்தார் ஒரே சொல்லுக்கு இருவேறு பொருள் கண்ட வரலாற்றை இவ்வெள்ளிவிழா மலரின் வாயிலாக இளைஞர்க்கு எடுத்துரைக்க விழைகிறோம். எச்சமயத்தையும் உயர்த்துவதோ தாழ்த்துவதோ நம் நோக்கமன்று. மீட்பை எதிர்நோக்கிய மக்கள் தம்முள் ஒருவரையொருவர் எவ்வாறு நடத்தினர் என்பதைக் காண்பதே நம் நோக்கம்.

சொல்லும் பொருளும்

‘மாஷியாஹ்’ என்பது எபிரேயச் சொல். ‘எண்ணெய் பூசித் திருநிலைப்படுத்தப் பெற்றவர்’ என்பது அதன் பொருள். பண்டைய இசுரவேலரிடையே அரசனுக்கும் தலைமைக் குருவுக்கும் தலையில் எண்ணெய் வார்த்துப் பதவி அளிப்பது மரபு. நம் நாட்டில் பட்டாபிடேகம் செய்வது போன்றதே அது. எனவே தொடக்கத்தில் மேசியா என்பது வானினின்று வரும் ஒருவரைக் குறிக்கவில்லை. அரியணையில் அமர்ந்திருந்த அரசனையே குறித்தது.

எபிரேய மறை கிரேக்க மொழியில் பெயர்க்கப்பட்டபோது ‘மாஷியாஹ்’ என்பது ‘கிறிஸ்தோஸ்’ ஆயிற்று. அதுவே தமிழில் ‘கிறிஸ்து’ என வழங்குகிறது. ஆகவே கிறிஸ்து என்பது இயற்பெயரன்று, பதவிப்பெயர். ‘இயேசு கிறிஸ்து’ என்று கூறுவது, ‘இயேசுவே மேசியா’ என்று ஒரு வழக்கில் தீர்ப்புரைப்பதற்கு ஒப்பாகும். அத்தீர்ப்பை ஏற்றோர் கிறிஸ்தவர், ஏலாதோர் யூதர். சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்தது. பின்னர்ச் சென்னை வேப்பேரியில் பெப்ரீசியசு திருத்தமான மொழிபெயர்ப்பைச் செய்தார். இவ்வாறு இச்சொற்கள் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் வரை வந்து சேர்ந்தன.

யூதர்தம் எதிர்பார்ப்பு வளர்ந்த வரலாறு

கி.மு. 1000-ஐ ஒட்டி ஆண்ட தாவீது மன்னனின் காலத்தை யூதர் தம் பொற்காலமாகக் கருதினர். அவன் மரபு என்றும் நிலைக்கும் என்னும் வாக்குறுதி அவர்தம் மறையில் உண்டு. ஆனால் வரலாறு வேறு வழியில் சென்றது. கி.மு. 722-இல் வடக்கு நாடு அசீரியரிடம் வீழ்ந்தது. கி.மு. 586-இல் பாபிலோனியர் எருசலேமை அழித்துக் கோயிலை எரித்து மக்களைச் சிறைப்பிடித்துச் சென்றனர். அரியணை வெறுமையாயிற்று. வெறுமையான அரியணையில் இனி ஒருவன் வந்து அமர்வான் என்னும் ஏக்கமே மேசியா நம்பிக்கையின் வித்தாகும்.

ஈண்டு ஒரு செய்தி நினைவிற் கொள்ளத்தக்கது. கி.மு. 539-இல் பாபிலோனைக் கைப்பற்றிய பாரசீக மன்னன் சைரசு, சிறைப்பட்ட யூதர் தாயகம் திரும்ப இசைவளித்தான். ஏசாயா நூலின் 45-ஆம் அதிகாரம் அவனையே ‘திருநிலைப்படுத்தப் பெற்றவன்’ என்று அழைக்கிறது. அவன் யூதன் அல்லன்; அவர்தம் கடவுளை வழிபட்டவனும் அல்லன். எனினும் விடுதலை தந்தமையால் அப்பெயர் பெற்றான். குலமும் சமயமும் நோக்காது செயலை நோக்கி அளிக்கப்பட்ட பட்டம் அது.

பின்னர்க் கிரேக்க அரசின் ஒடுக்குமுறை வந்தது. கி.மு. 167-இல் மக்கபேயர் கிளர்ந்தெழுந்து, கி.மு. 164-இல் கோயிலைத் தூய்மைப்படுத்தினர். ஆனால் கி.மு. 63-இல் உரோமைத் தளபதி பாம்பேயின் படைகள் எருசலேமுள் நுழைந்தன. அந்நிய ஆட்சியும் வரிச்சுமையும் பெருகப் பெருக எதிர்பார்ப்பும் பெருகியது. அக்காலத்தும் யூதர் அனைவரும் ஒரே கருத்துடையராக இருந்தாரல்லர். 1947 முதல் சாக்கடலை அடுத்த கும்ரான் குகைகளிற் கிடைத்த ஏட்டுச்சுருள்கள் இதனைத் தெளிவாக்குகின்றன. அங்கு வாழ்ந்த துறவுக் குழுவினர் குருமரபில் ஒருவரும் அரசமரபில் ஒருவருமாக இரண்டு மேசியாக்களை எதிர்நோக்கினர்.

கி.பி. 70-இல் உரோமையர் கோயிலை அழித்தனர். 132-இல் சீமோன் என்னும் தலைவன் உரோமையரை எதிர்த்து எழுந்தான். அந்நாளின் பேரறிஞராகிய அகிபா அவனையே மேசியா என்று ஏற்றார். ‘விண்மீனின் மகன்’ எனப் பொருள்படும் ‘பர் கோக்பா’ என்று அவன் புகழப்பட்டான். 135-இல் அவன் தோற்று மாண்டான். மக்கள் பெருந்தொகையினராய் அழிந்தனர். அதன்பின் வந்த அறிஞர் அவன் பெயரையே மாற்றி, ‘பொய்யின் மகன்’ என்று பொருள்படக் குறித்தனர். நம்பிக்கை பொய்த்த இடத்தில் கசப்பு எத்துணை ஆழமாக ஊறும் என்பதற்கு இப்பெயர் மாற்றமே சான்று.

இத்தோல்விக்குப் பின் யூத அறிஞர் எச்சரிக்கை உடையராயினர். 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்து 1204-இல் மறைந்த மைமோனிடீசு இதுபற்றித் தெளிவான விதிகளை வகுத்தார். மேசியா மனிதரே, தாவீதின் மரபில் வருபவர், அற்புதங்கள் செய்து காட்டவேண்டியதில்லை, சிதறிய மக்களை ஒன்றுசேர்த்து, கோயிலை மீண்டும் எழுப்பி, அறத்தின்படி ஆள்பவரே மேசியா. அவ்வாறு செய்யாது மாண்டவர் மேசியா ஆகார். அக்காலத்திற்கும் இக்காலத்திற்கும் உள்ள வேற்றுமை, மக்கள் பிற அரசுகளுக்கு அடிமைப்பட்டிருக்கும் நிலை நீங்குவது ஒன்றே என்னும் பழைய கருத்தையும் அவர் உடன்பட்டு எடுத்துரைத்தார். மேசியாவின் வருகையை நம்புவது அவர் வகுத்த 13 கொள்கைகளுள் ஒன்றாகும்.

இத்துணை எச்சரிக்கை இருந்தும், 1665-இல் துருக்கிப் பேரரசில் சபத்தாய் சேவி என்பவர் மேசியா எனப் போற்றப்பட்டபோது, ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வாழ்ந்த யூதர் பலர் தம் உடைமைகளை விற்றுப் பயணத்திற்கு அணியமாயினர். 1666-இல் சுல்தான் முன் நிறுத்தப்பட்ட அவர் இசுலாத்தைத் தழுவினார். நம்பியிருந்தோர் நாணித் தலைகுனிந்தனர். 19-ஆம் நூற்றாண்டில் சீர்திருத்த யூதருள் பலர், தனியொருவர் வருவார் என்பதை விடுத்து, உலகம் முழுவதும் நீதியும் அமைதியும் நிலவும் மேசியாக் காலம் ஒன்றையே எதிர்நோக்கத் தொடங்கினர். அமெரிக்காவிலுள்ள பிட்சுபர்க்கு நகரில் 1885-இல் அவர்கள் வெளியிட்ட கொள்கை அறிக்கை இதற்குச் சான்று.

கிறிஸ்தவர் கண்ட பொருள்

உரோமை ஆளுநன் பொந்தியு பிலாத்துவின் காலத்தில், கி.பி. 30-ஐ ஒட்டி, நாசரேத்து ஊரினராகிய இயேசு சிலுவையில் அறையப்பட்டார். ‘யூதரின் அரசன்’ என்பதே அவர்மீது எழுதப்பட்ட குற்றச்சாட்டு. சிலுவைத் தண்டனை அடிமைகளுக்கும் அரசுக்கு எதிராகக் கிளர்ந்தோருக்கும் உரோமையர் அளித்த இழிவான சாவு. பகைவனை வென்று அரியணையேறும் ஒருவரை எதிர்நோக்கியோர்க்கு, பகைவனால் கொல்லப்பட்ட ஒருவர் மேசியா ஆதல் இயலாத செயலாகத் தோன்றியது. பர் கோக்பாவை மறுத்ததும் இதே காரணத்தினால்தான்.

ஆனால் இயேசுவின் சீடர் அவர் உயிர்த்தெழுந்தார் என்று அறிவித்தனர். பழைய மறையைப் புதிய கண்கொண்டு படித்தனர். ஏசாயா நூலின் 53-ஆம் அதிகாரம், பிறர் பொருட்டு இகழப்பட்டு, அடிக்கப்பட்டு, வாய்திறவாது துன்புறும் ஓர் ஊழியனைப் பற்றிப் பேசுகிறது. அவ்வூழியனே இயேசு என்றனர். மேசியா வெல்வதற்கு முன் துன்புற வேண்டும் என்பதும், அவர் வென்றது உரோமையை அன்று, பாவத்தையும் சாவையும் என்பதும் அவர்தம் விளக்கமாயிற்று. அந்தியோக்கியா நகரில் இவர்கள் முதன்முதலாகக் ‘கிறிஸ்தவர்’ எனப் பெயர் பெற்றனர்; மேசியாவைச் சார்ந்தோர் என்பதே அதன் பொருள். 325-இல் நிசேயாவிற் கூடிய பேரவை, அவர் தந்தையாகிய கடவுளோடு ஒரே இயல்பினர் என்று அறுதியிட்டது. மேசியா மனிதரே என்னும் யூதர் கொள்கையினின்று கிறிஸ்தவம் முற்றிலும் பிரிந்தது இவ்விடத்திலேயாம்.

இரு கருத்துகளையும் ஒப்பிட்டால் வேற்றுமைகள் தெளிவாகும். யூதர் கருத்தில் மீட்பு என்பது ஒரு மக்களினத்தின் மீட்பு; அது இம்மண்ணில், கண்கூடாக நிகழவேண்டும். கிறிஸ்தவர் கருத்தில் மீட்பு ஒவ்வோர் ஆன்மாவிற்கும் உரியது. அது உள்ளத்தில் தொடங்கி மறுமையில் நிறைவுறுவது. ‘மேசியா வந்துவிட்டார் எனில் போரும் பசியும் ஏன் ஒழியவில்லை?’ என்பது யூதரின் வினா. ‘அவர் ஒருமுறை தாழ்மையோடு வந்தார், மறுமுறை மாட்சியோடு வருவார், அப்போது அனைத்தும் நிறைவேறும்’ என்பது கிறிஸ்தவரின் விடை. ஆக, வந்துவிட்டார் என்போரும் எதிர்நோக்கியே நிற்கின்றனர். கிறிஸ்துமசுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைத் திருவருகைக் காலம் என்று திருச்சபைகள் கடைப்பிடிப்பது இதனாலேயே.

துன்புறும் ஊழியன் யார் என்பதிலும் கருத்து வேறுபட்டது. 1040 முதல் 1105 வரை வாழ்ந்த பிரெஞ்சு நாட்டு யூத உரையாசிரியர் ராசி, அவ்வூழியன் தனிமனிதன் அல்லன், நாடுகடத்தப்பட்டு இகழப்படும் இசுரவேல் மக்களே என்று உரை எழுதினார். அவர் கண்முன்னே 1096-ஆம் ஆண்டின் சிலுவைப்போர்ப் படையினர் ரைன் ஆற்றங்கரை நகர்களில் யூதரைக் கொன்று குவித்தனர் என்பதை இணைத்துப் பார்த்தால் அவ்வுரையின் வலி விளங்கும். 1492-இல் இசுபெயின் யூதரை நாட்டினின்று துரத்தியது. 1497-இல் போர்ச்சுகல் அவர்களைக் கட்டாயப்படுத்தி மதம் மாற்றியது. 1560-இல் கோவாவிலும் விசாரணை மன்றம் அமைக்கப்பட்டது. துன்புற்ற மேசியாவைப் போற்றியோர், அம்மேசியாவின் இனத்தாரையே துன்புறுத்தினர். உரோமைத் திருச்சபை 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வாயிலாக, இயேசுவின் சாவுக்கு யூத மக்கள் அனைவரையும் குற்றஞ்சாட்டுதல் தகாது என்று அறிவிக்கும் வரை இக்கறை நீடித்தது.

யூத மரபிலும் துன்புறும் மேசியாவைப் பற்றிய கதை ஒன்று உண்டு. தல்மூது கூறும் அக்கதையில், யோசுவா பென் லேவி என்னும் அறிஞர் மேசியாவைத் தேடி உரோமை நகரின் வாயிலுக்குச் செல்கிறார். அங்கே தொழுநோயுற்ற ஏழைகளிடையே மேசியா அமர்ந்திருக்கிறார். மற்றவர் தம் புண்கட்டுகள் அனைத்தையும் ஒருங்கே அவிழ்த்துக் கட்ட, அவர் மட்டும் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கட்டுகிறார். அழைப்பு வந்தால் காலந்தாழ்த்தாது எழுவதற்காக. ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டோரின் நடுவிலேதான் மீட்பர் இருக்கிறார் என்னும் இக்கதையை நம் மக்களுக்கு விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

கொச்சியில் காத்திருந்தோர்

இவ்வரலாறு தொலைநாட்டு வரலாறு மட்டுமன்று. நம் அண்டை நாடாகிய கேரளத்தில் பல நூற்றாண்டுகளாக யூதர் வாழ்ந்துள்ளனர். கி.பி. 1000-ஐ ஒட்டிச் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு அஞ்சுவண்ணமும் 72 உரிமைகளும் அளித்து வட்டெழுத்தில் செப்பேடு வழங்கினான். பகல்விளக்கு, பல்லக்கு, குடை முதலியன அவ்வுரிமைகளுள் அடங்கும். குடைபிடித்து நடக்கும் உரிமை மன்னன் அளித்தால் மட்டுமே கிடைத்த காலம் அது. அவ்வுரிமை மறுக்கப்பட்டோர் எத்தனை தலைமுறையாகத் தெருக்களில் தலைகுனிந்து நடந்தனர் என்பதை நாம் அறிவோம்.

16-ஆம் நூற்றாண்டில் இசுபெயின், போர்ச்சுகல் முதலிய நாடுகளினின்று துரத்தப்பட்ட யூதர் சிலர் கொச்சியில் அடைக்கலம் புகுந்தனர். கொச்சி மன்னரின் அரண்மனையை அடுத்து, மட்டாஞ்சேரியில் 1568-இல் பரதேசி தொழுகைக்கூடம் எழுந்தது. ஆனால் துரத்தப்பட்டு வந்தோரே, முன்பே அங்கு வாழ்ந்த மலபார் யூதரைக் ‘கறுப்பர்’ என்றும் தம்மை ‘வெள்ளையர்’ என்றும் பிரித்தனர். இவர்கட்கும் கீழாக ‘மெசுக்ராரிம்’ என்றொரு பிரிவு வைக்கப்பட்டது. ‘விடுதலை செய்யப்பட்டோர்’ என்பது அதன் பொருள். அடிமைகளாயிருந்து விடுவிக்கப்பட்டோரும் அவர் வழியினரும் அப்பெயரால் குறிக்கப்பட்டனர். பரதேசியர் இவர்களோடு மணவுறவு கொள்ளவில்லை. தொழுகைக்கூடத்தில் இவர்கள் இருக்கைகளில் அமரலாகாது; பின்புறத்தும் தரையிலும் இருந்தே வழிபட வேண்டும்.

இதனை ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும். அக்கூடத்தில் நின்றோர் அனைவரும் எருசலேம் அமைந்த மேற்றிசையையே நோக்கி நின்றனர். ஒரே மேசியாவின் வருகைக்காகவே வேண்டினர். எகிப்தின் அடிமைத்தனத்தினின்று மீண்டதை ஆண்டுதோறும் பாசுகா விழாவாகக் கொண்டாடினர். ஆயினும் அடிமைத்தளையினின்று மீண்டோரின் பேரப்பிள்ளைகளைத் தரையில் அமர்த்தினர். வரப்போகும் நீதிக்காகக் கைகூப்பியோரின் கண்ணுக்குக் காலடியில் இருந்த அநீதி தெரியவில்லை.

தரையில் அமர்த்தப்பட்ட அப்பிரிவில் 1882-இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சாலேம். எறணாகுளம் மகாராசா கல்லூரியிற் பயின்று, பின்னர் நம் சென்னைக்கு வந்து பட்டம் பெற்று, சட்டமும் கற்றார். அப்பிரிவினருள் முதல் வழக்கறிஞர் அவரே. ஊர் திரும்பிய சாலேம், தொழிற்சங்கங்களுக்காக உழைத்தார். கொச்சிச் சட்டமன்றத்தில் உறுப்பினராய் இருந்தார். 1929-இல் இலாகூரில் முழு விடுதலைத் தீர்மானம் நிறைவேறிய காங்கிரசு மாநாட்டிலும் கலந்துகொண்டார். தம் மக்களுக்குச் சம உரிமை மறுத்த தொழுகைக்கூடத்திற்குச் செல்லாமல் சிலகாலம் புறக்கணித்தார். பின்னர்க் காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையை அக்கூடத்தினுள்ளேயே கையாண்டார். ‘யூதரின் காந்தி’ என்னும் பெயர் அவருக்கு வழங்கலாயிற்று. 1930-களின் இடைக்காலத்திற்குள் பழைய தடைகள் பல தளர்ந்தன. அதே பத்தாண்டில், 1936-இல், திருவாங்கூரில் கோயில் நுழைவு ஆணை பிறந்தது என்பதும் ஒப்புநோக்கத்தக்கது.

1948-இல் இசுரேல் நாடு தோன்றியது. கொச்சி யூதர் அதனைப் பன்னூற்றாண்டு வேண்டுதலின் நிறைவாகக் கண்டனர். 2,000-க்கு மேற்பட்டோர் புறப்பட விண்ணப்பித்தனர். அவர்களிடையே யானைக்கால் நோய் இருந்தமையால் அந்நாட்டார் தயங்கினர். சாலேம் அங்குச் சென்று தம் மக்களுக்காக வாதாடினார். 1955-ஐ ஒட்டித் தடைகள் நீங்கின. மாளை ஊரினர் தம் தொழுகைக்கூடத்தையும் இடுகாட்டையும் ஊராட்சியின் பொறுப்பில் ஒப்படைத்துச் சென்றனர். நெகேவு பாலைநிலத்தில் நெவாத்திம் முதலிய குடியிருப்புகளில் அவர்கள் உழவராயினர். பிறரை அனுப்பிவைத்த சாலேமோ கொச்சியிலேயே தங்கி, 1967-இல் அங்கேயே மறைந்தார். மட்டாஞ்சேரியில் அவர் வாழ்ந்த தெருவிற்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. தரையில் அமர்த்தப்பட்டவரின் பெயர் தெருவிற்கு நிலைத்தது; அமர்த்தியோரின் வழியினர் அத்தெருவில் இன்று ஏறத்தாழ இல்லை.

நம் மண்ணில் மீட்பைத் தேடியோர்

சென்னையிலும் யூதர் வாழ்ந்தனர். 17-ஆம் நூற்றாண்டில் வைரமும் பவளமும் வாணிகம் செய்த போர்ச்சுகீசிய யூதர் இங்குக் குடியேறினர். 1688-இல் சென்னை நகராட்சி மன்றம் நிறுவப்பட்டபோது அதன் உறுப்பினருள் யூத வணிகரும் இடம்பெற்றனர். பவளக்காரத் தெரு அவ்வாணிகத்தின் நினைவாக இன்றும் விளங்குகிறது. அவர்கள் மறைந்தனர். ஆனால் அவர்தம் மறையில் பிறந்த ‘மேசியா’ என்னும் சொல், கிறிஸ்தவத் தொண்டர் வாயிலாக நம் சேரிகளை வந்தடைந்தது.

கொச்சியில் கண்ட குறை இங்கும் இல்லாமற் போகவில்லை. 1833-இல் ஆயர் தானியேல் வில்சன், திருச்சபையில் சாதிவேறுபாடு அறவே கூடாது என்று ஆணையிட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டே விலகினர், சாதியை விடவில்லை. நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்தில் இருசாதியார் தனித்தனியே அமர்வதற்கென்றே இரு கூடங்களும் இடையே சுவரும் கொண்ட கோயில் 1872-இல் எழுந்தது. அச்சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. ஒரே கிறிஸ்துவின் பந்தியில் இரண்டு வரிசைகள் இருந்தன.

நாம் வாழும் இப்பகுதி அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1890-ஐ ஒட்டி இம்மாவட்டத்தில் ஆதிதிராவிட மக்கள் திரளாகக் கிறிஸ்தவத் தொண்டரை நாடினர். திருவள்ளூரில் வில்லியம் கௌடியும், செங்கற்பட்டில் ஆடம் ஆண்ட்ரூவும் அவர்களிடையே பணியாற்றினர். வந்தோர் வேண்டியவை யாவை? பிறரால் பறிக்கவியலாத குடிமனை. உழுவதற்குச் சிறிது நிலம். தண்ணீருக்கு ஒரு கிணறு. பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி. இவர்கள் ஆன்ம மீட்பை நாடவில்லை, உலகப் பயனையே நாடுகின்றனர் என்று குறை கூறினோர் அந்நாளில் பலர். மேலே நாம் ஒப்பிட்ட இரு கருத்துகளை ஈண்டு நினைவு கூர்க. மீட்பு இம்மண்ணில் கண்கூடாக நிகழவேண்டும் என்று பழைய இசுரவேலர் கேட்டதையே, அவர்தம் வரலாற்றை ஒருகாலும் படித்தறியாத நம் முன்னோரும் கேட்டனர். அதனை உலகப்பற்று என்று இகழ்வோர், ஏசாயாவையும் இகழ வேண்டியிருக்கும்.

கௌடியும் ஆண்ட்ரூவும் அக்குரலை இகழவில்லை. அரசின் செவிக்குக் கொண்டுசென்றனர். மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராயிருந்த திரமென்ஹீர் 1891-இல், அன்றைய ஆவணங்களில் ‘பறையர்’ எனக் குறிக்கப்பட்ட மக்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். குடியிருக்கும் மனையும் மிராசுதாரருக்கே உரியதென்னும் நிலை, கடனால் நேர்ந்த கொத்தடிமை, நிலம் பெறுவதில் உள்ள தடைகள் ஆகியவற்றை அவ்வறிக்கை வெளிப்படுத்தியது. அதன் பயனாக 30-9-1892 நாளிட்ட 1010, 1010-ஏ எண்ணுள்ள அரசாணைகள் பிறந்தன. பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவதன் தோற்றுவாய் இதுவே. சைரசு மன்னனைப் போலவே திரமென்ஹீரும் அந்நியர். விடுதலைக்கான வாயிலை அந்நியரும் திறக்கலாம். ஆனால் திறந்த வாயிலினுள் நுழைந்து நிலத்தைக் காத்துக்கொள்ளக் கல்வியும் ஒற்றுமையும் வேண்டும். அவை போதாமையால் அந்நிலங்களுட் பல பிறர் கைக்குச் சென்றன என்பதும் வரலாறே.

யார் அந்த ஊழியன்?

1980-களில் சென்னைக் கீழ்ப்பாக்கத்திலுள்ள குருகுல லுத்தரன் இறையியல் கல்லூரியில் பணியாற்றிய அரவிந்த் நிர்மல், தலித் இறையியல் என்னும் சிந்தனைக்கு வித்திட்டோருள் முதன்மையானவர். ஏசாயா கூறும் துன்புறும் ஊழியனின் உருவத்தில் தலித் மக்களின் துன்பத்தையும், அவர்தம் துன்பத்தில் பங்கேற்கும் கடவுளையும் அவர் கண்டார். ராசி அவ்வூழியனைத் தம் இனத்தாராகக் கண்டார். திருச்சபை இயேசுவாகக் கண்டது. நிர்மல் இவ்விரண்டையும் நம் மண்ணில் இணைத்துக் கண்டார். ஒரே அதிகாரத்திற்கு மூன்று உரைகள். மூன்றும் இகழப்பட்டோர் பக்கம் நின்று எழுதப்பட்டவை.

எனினும் துன்பத்தைப் போற்றுவதில் ஓர் இடரும் உண்டு. துன்புறுவதே நம் கடமை என்று ஒடுக்கப்பட்டோர் எண்ணிவிடலாகாது. மீட்பர் ஒருவர் வருவார், நாம் வாளாவிருக்கலாம் என்று எண்ணுவது அதனினும் பெரிய இடர். அண்ணல் அம்பேத்கர் 25-11-1949-இல் அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையில், அரசியலில் தனிமனிதரைப் பத்திமையோடு வழிபடுவது இழிவுக்கும் முடிவில் சர்வாதிகாரத்திற்கும் இட்டுச்செல்லும் என்று எச்சரித்தார். தம் பெயரையே மேசியாவின் இடத்தில் வைக்க மக்கள் விழைவர் என்பதை அவர் உணர்ந்தே அவ்வாறு கூறினார் போலும். சிலைக்கு மாலையிடுவதோடு அமைவோர் அவ்வெச்சரிக்கையை ஒருமுறையேனும் படித்தல் நன்று.

எருசலேம் கோயில் அழிந்த காலத்தில் வாழ்ந்த யோகனான் பென் சக்காய் என்னும் யூத அறிஞர் கூறியதாக ஓர் அறிவுரை வழங்குகிறது. கையில் ஒரு மரக்கன்றை வைத்திருக்கும்போது மேசியா வந்துவிட்டார் என்று எவரேனும் உரைத்தால், முதலில் கன்றை நட்டுவிட்டு அதன்பின் அவரை எதிர்கொள்ளச் செல்க என்பதே அது. கோயில் எரிந்தபின் அவர் யாவ்னே என்னும் ஊரில் ஒரு கல்விக்கூடத்தை நிறுவினார். அரசும் கோயிலும் நிலமும் இழந்த ஒரு மக்களினம் இரண்டாயிரம் ஆண்டுகள் அழியாது நின்றதற்கு அக்கல்விமரபே பெருங்காரணம். மேசியா வந்தாரா, வரவில்லையா என்பதில் யூதரும் கிறிஸ்தவரும் இன்றும் மாறுபடுகின்றனர், மாறுபடுக. ஆனால் காத்திருப்போர் தம் பக்கத்தில் இருப்பவரைத் தரையில் அமர்த்தலாகாது என்பதில் சாலேமும் கௌடியும் அண்ணலும் மாறுபடார். நம் ஊர்களில், நம் உட்பிரிவுகளுக்கிடையேயும், ஆணுக்கும் பெண்ணுக்குமிடையேயும், இன்னும் தரையில் அமர்த்தப்பட்டிருப்போர் எவர் என்று நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போமாக. கன்று நடுவதற்குரிய காலம் இதுவே.